பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஓட்டுநர் பயிற்சி: பக்கத்து இருக்கையில் அமர்பவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

புதிய நாட்டில் பிள்ளைக்குப் பழகுநர் உரிமம் வாங்கும் வயது வந்ததும், எங்கே கட்டணம் குறைவு, எங்கே சேர்த்தால் முதல் தேர்விலேயே தேறலாம் என்றுதான் பெரும்பாலான பெற்றோர் விசாரிக்கிறோம். என் மூத்த மகளுக்கு நானும் அப்படித்தான் தேடினேன். அவளுடைய பயிற்றுநர், தேர்வு நடக்கும் தெருவிலேயே, பின்கண்ணாடியில் இரண்டாவது கம்பம் தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்ப வேண்டும் என்று சொல்லிப் பின்னோக்கி நிறுத்தப் பழக்கியிருந்தார். அந்தத் தெருவில் அவள் பிசகாமல் நிறுத்தினாள். நூலகத்து வாகன நிறுத்தத்திலோ கம்பம் இல்லை, வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அப்பா, இங்கே எப்போது திருப்புவது?" என்று கேட்டாள். ஆறு வகுப்புகளில் அவள் கற்றிருந்தது ஒரு தெருவை மட்டுமே.

முதலில் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள். இதற்கு அதிக நேரம் ஆகாது. பிரிட்டனில் முழுத் தகுதி பெற்ற பயிற்றுநரின் காரில் பச்சை நிற எண்கோண அட்டையும், பயிற்சி நிலையில் இருப்பவரின் காரில் இளஞ்சிவப்பு முக்கோண அட்டையும் இருக்கும். கனடாவின் ஒன்டாரியோவில், அரசு அங்கீகரித்த பள்ளியில் படிப்பை முடித்தால்தான் முதல் சாலைத் தேர்வுக்கான 12 மாதக் காத்திருப்பு 8 மாதமாகக் குறையும்.

அடுத்து, கடைசி வகுப்புவரை அதே பயிற்றுநர் வருவாரா என்று கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால், பிள்ளையின் பலவீனம் எது என்பதை யாரும் அறியாமல், ஒவ்வொரு வகுப்பும் தொடக்கத்திலிருந்தே தொடங்கும். பயிற்றுநர் பக்கத்திலும் பிரேக் உள்ள கார்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பள்ளி அனுமதித்தால், ஒரு வகுப்பில் பின்னிருக்கையில் வாய் திறக்காமல் அமர்ந்து பாருங்கள். தடம் மாறும்போது பிள்ளை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க மறந்தால், நல்ல பயிற்றுநர் ஆபத்து இல்லாதவரை ஸ்டியரிங்கைப் பிடிக்கமாட்டார்; பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டச் சொல்லி, "இப்போது உன் வலப்பக்கத்தில் என்ன வந்துகொண்டிருந்தது?" என்று கேட்பார். கண்ணாடிகளில் தெரியாத ஒரு பகுதி எப்போதும் உண்டு என்பதை அந்த ஒரு கேள்வியில் பிள்ளை தானே கண்டுகொள்ளும். பயிற்றுநர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அல்லது பதற்றத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக் கத்தினால், வேறு ஆளைத் தேடுங்கள். இரவிலும் மழையிலும் ஓட்டவும், வேகச் சாலையில் நுழையும்போது மற்ற வண்டிகளின் வேகத்துக்கு ஈடுகொடுத்து இணையவும் கற்பிப்பாரா என்பதையும் கேட்டறியுங்கள், ஏனெனில் தேர்வில் இவை வராமலே போகலாம், ஆனால் உரிமம் வாங்கிய முதல் மாதத்திலேயே பிள்ளை தனியாக இவற்றைச் சந்திக்கும்.

பள்ளி வகுப்புகள் மட்டும் போதா. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்கு உட்பட்டவர்கள் 20 மணி நேர இரவுப் பயிற்சி உட்பட 120 மணி நேரம் ஓட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதில் பெரும்பகுதி பெற்றோருடன்தான் கழியும் என்பதால், இந்த வாரம் எதைப் பழக்க வேண்டும் என்று நமக்கும் சொல்லித்தரும் பயிற்றுநரே உதவியானவர். அவர் சொன்னதற்கு மாறாக நம்முடைய பழைய பழக்கங்களைச் சொல்லிப் பிள்ளையைக் குழப்பாமல் இருப்பது நம் பொறுப்பு.

எத்தனை சலுகை தந்தாலும் எல்லா வகுப்புகளுக்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். இரண்டு வகுப்புகளுக்கு மட்டும் கட்டுங்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை, பயிற்றுநர் திட்டினாலும், அவருடைய பேச்சு சங்கடம் தந்தாலும் தானாக வந்து சொல்லாது. வகுப்பு முடிந்ததும், எப்படி ஓட்டினாய் என்பதற்கு முன்பாக, அவருடன் காரில் இருப்பது எப்படி இருந்தது என்று கேளுங்கள். தயங்கிப் பதில் வந்தால், கட்டிய பணத்தை எண்ணிப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.