புதுப்பிப்பு: முரானோ வண்ணக் கம்பி, சியாட்டில் உலைக் கண்ணாடி – விரிசலுக்குக் காரணம் தெரிந்தது

இத்தாலியின் கண்ணாடித் தீவான முரானோவிலிருந்து அமெரிக்காவின் சியாட்டிலுக்குக் குடிவந்தபின், அங்கிருந்து கொண்டுவந்த வண்ணக் கண்ணாடிக் கம்பிகளை இங்கே உலையில் உருக்கும் கண்ணாடியோடு சேர்த்து ஊதும் கிண்ணங்கள் ஆறியதும் விரிசல் விடுகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சூளையில் இன்னும் மெதுவாக ஆறவைத்துப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம் ஒருவர் சொன்ன இழைச் சோதனைதான் விடை தந்தது. இரண்டு கண்ணாடியையும் பக்கம்பக்கமாக உருக்கி ஒட்டி, மெல்லிய இழையாக இழுத்து ஆறவிட வேண்டும். சூட்டில் இரண்டும் விரியும் அளவு ஒத்துப்போனால் இழை நேராக நிற்கும். என்னுடையது முரானோ கண்ணாடி இருந்த பக்கமாக வில் போல வளைந்தது. அந்தக் கம்பியின் விரிவு எண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் எண்) 104, இங்கே உலையில் இருப்பது 96. ஆறும்போது 104 அதிகமாகச் சுருங்கி மற்றதை இழுக்கிறது. எவ்வளவு மெதுவாக ஆறவைத்தாலும் இந்த இழுவிசை போகாது.

இப்போது 96-க்கு ஏற்ற வண்ணங்களை மட்டும் எடுக்கிறேன், விரிசல் இல்லை. எதிர்பாராத ஒன்று: 96 என்று விற்கப்படும் ஒரு வெள்ளை நிறமும் இழையில் லேசாக வளைந்தது. அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு நிறத்தையும் இழுத்துப் பாருங்கள். முரானோ கம்பிகளை வீணாக்க மனம் வரவில்லை. டார்ச் சுடரில் அவற்றை மட்டும் வைத்து மணிகள் செய்கிறேன், அழகாக வருகின்றன.