மறு: உயிரணுச் சுவாசம் – இந்தச் சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

உயிரணு குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் வேலைக்கு (ஆங்கிலத்தில் cellular respiration) ‘உயிரணுச் சுவாசம்’ என்ற சொல் போதுமா, வேறு சொல் வேண்டுமா என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே புழங்குகிற சொல்லை ஏன் கிளற வேண்டும் என்று கோலாலம்பூர் ஆசிரியை கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் செல் சுவாசம், இலங்கையில் கலச்சுவாசம், நம் மலேசியாவில் உயிரணுச் சுவாசம். மூன்றிலும் முன்பாதிதான் மாறுகிறது, ‘சுவாசம்’ அப்படியே நிற்கிறது. எனக்குச் சிக்கல் அந்தப் பின்பாதியோடுதான்.

நான் பட்டர்வொர்த்தில் படிவம் 4 பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். பாடம் மலாயில், விளக்கம் பாதிக்கு மேல் தமிழில். மலாயில் நுரையீரல் செய்கிற வேலைக்கு ‘பெர்னாஃபாசான்’, உயிரணு செய்கிற வேலைக்கு ‘ரெஸ்பிராசி செல்’ என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. அதையே தமிழில் விளக்கப் போனால் இரண்டும் சுவாசம் ஆகிவிடுகிறது. தமிழ்ப்பள்ளி அறிவியலில் சுவாசம் என்றால் மூக்கு, மூச்சுக்குழாய், நுரையீரல் என்று படித்துவிட்டு வந்த பிள்ளைகள், நாம் உள்ளே இழுக்கிற உயிர்வளியே (ஆக்சிஜன்) உயிரணுவில் கரியோடு (கார்பன்) சேர்ந்து கரிவளியாகி (கார்பன் டை ஆக்சைடு) வெளியே வருகிறது என்று உறுதியாக நம்புகிறார்கள். சமன்பாடும் அந்த நம்பிக்கைக்குத் துணை போகிறது: ஒரு குளுக்கோஸ், ஆறு உயிர்வளி, வெளியே ஆறு கரிவளி, ஆறு நீர். கணக்கு சரியாக வருகிறது, ஆனால் நடப்பது அதுவல்ல. கரிவளியில் இருக்கும் உயிர்வளி அணுக்கள் குளுக்கோஸிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. நாம் மூச்சில் இழுத்த உயிர்வளி கடைசிப் படியில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்ந்து நீராகிவிடுகிறது. அதாவது மூச்சுக்கு இந்த முழு வேலையிலும் கடைசி நுனியில்தான் இடம், பெயரிலோ அதுதான் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் பெரிய சான்று. சிவப்பணுவை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் முழுக்க உயிர்வளியைச் சுமந்துபோவதே அதன் வேலை. ஆனால் முதிர்ந்த சிவப்பணுவில், உயிர்வளியை வைத்து ஆற்றல் எடுக்கும் உள்ளுறுப்பான மைட்டோகாண்ட்ரியா கிடையாது, ஆகவே ஏறத்தாழ 120 நாள் வாழ்நாள் முழுவதும், தான் சுமக்கிற உயிர்வளியைத் தொடாமலே, குளுக்கோஸைப் பிளந்து கிடைக்கிற ஆற்றலை மட்டும் வைத்துப் பிழைக்கிறது. இந்த உயிரணு சுவாசிக்கிறதா என்று ஒரு பிள்ளை கேட்டால் ‘உயிரணுச் சுவாசம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது?

இனி, வந்திருக்கும் பரிந்துரைகளைப் பற்றி.

> ‘உயிரணு எரிப்பு’ எளிமையாக இருக்கிறதே, பிள்ளைகளுக்கும் உடனே புரியும்.

எளிமைதான், மறுக்கவில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியே 1780-களில் பனிக்கட்டி சூழ்ந்த கலனில் கினிப்பன்றியை வைத்து, அது வெளியிட்ட கரிவளியையும் அதன் வெப்பத்தில் உருகிய பனியையும் அளந்து, சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்று முடிவுகட்டினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய பாய்ச்சல். ஆனால் எரிப்பு என்று சொன்னதும் எது முக்கியமோ அது நழுவிப்போகிறது. ஒரு மோல் குளுக்கோஸ், அதாவது 180 கிராம், அடுப்பில் எரிந்தாலும் உயிரணுவில் உடைந்தாலும் வெளிவரும் மொத்த ஆற்றல் ஒன்றுதான், ஏறத்தாழ 2,800 கிலோஜூல். அடுப்பில் அது முழுக்க வெப்பமாகவும் வெளிச்சமாகவும் போய்விடும். உயிரணுவோ அதைப் பல சின்னச் சின்ன வினைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நொதி வைத்து, வழியில் கிடைப்பதை ஏ.டி.பி.யாக, அதாவது உயிரணு வேண்டும்போது செலவழிக்கிற ஆற்றல்தாங்கி மூலக்கூறாக, பிடித்துக்கொள்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு 30 முதல் 32 ஏ.டி.பி. என்பது இன்றைய கணக்கு (பழைய நூல்களில் 36, 38 என்று இருக்கும்). ஒரு மோல் ஏ.டி.பி.க்கு 30.5 கிலோஜூல் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கையில் தங்குகிறது. மீதி வெப்பமாகிறது, அதுவும் வீணில்லை, நம் உடல் 37 பாகை செல்சியஸில் நிற்பதற்கு அது வேண்டும். இப்படிப் பிடித்துவைப்பதுதான் உயிரின் வேலை. எரிப்பு என்ற சொல்லில் அதற்கு இடமே இல்லை.

> நுரையீரலுக்கு ‘மூச்சு’, உயிரணுவுக்கு ‘சுவாசம்’ என்று பிரித்துக்கொண்டால் முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை. இரண்டும் வேறு என்பதற்குச் சயனைடு நச்சு நல்ல உதாரணம். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட போர்க்காலத்தில் நம் பாட்டன் பாட்டிமார் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அதைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் ஆபத்து என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், காரணம் கிழங்கிலிருந்து வெளிவரும் சயனைடு. அது மைட்டோகாண்ட்ரியாவில் உயிர்வளிக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் கடைசி நொதியை அடைத்துவிடுகிறது. நுரையீரல் வேலை செய்கிறது, இரத்தத்தில் உயிர்வளி நிறைய இருக்கிறது, ஆனால் உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. மூச்சு இருக்கிறது, உயிரணுச் சுவாசம் நின்றுவிட்டது. ஆகவே இந்தப் பிரிவினை கட்டாயம் வேண்டும். ஆனால் இது பாதிச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. சிவப்பணு அப்போதும் வெளியேதான் நிற்கிறது.

> ‘ஆற்றல் உற்பத்தி’ அல்லது ‘ஆற்றலாக்கம்’?

இதை ஏற்க மாட்டேன். ஆற்றலை யாரும் ஆக்குவதில்லை. இலை வெயிலிலிருந்து வாங்கிக் குளுக்கோஸில் வைத்ததைத்தான் உயிரணு எடுக்கிறது. ஒரு வகுப்பில் ஆற்றல் அழியாமை விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த வகுப்பில் ஆற்றலாக்கம் என்று சொன்னால், கவனமாகக் கேட்கிற பிள்ளைதான் முதலில் குழம்பும்.

என் பரிந்துரை: உயிரணு ஆற்றல்மீட்பு.

அடகு வைத்த நகையை மீட்பது என்கிறோமே, அந்த மீட்பு. ஒளிச்சேர்க்கையில் உள்ளே போனது இங்கே திரும்பி வருகிறது. இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்தாலே ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று தெரிந்துவிடும். செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில்தான் சுவாசிக்கும் என்ற தவறான எண்ணமும் இதனால் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் செடிக்கும் ஆற்றல் இருபத்து நான்கு மணி நேரமும் வேண்டும். மீட்பு என்றால் மீட்புப்படை, தேவாலயத்தில் வேறு பொருள் என்று ஆட்சேபம் வரும். பொறியியலிலும் வீணாகும் வெப்பத்தைத் திரும்பப் பிடிப்பதற்கு ஆற்றல் மீட்பு என்கிறார்கள். அதற்குத்தான் முன்னால் ‘உயிரணு’.

‘சுவாசம்’ என்பதைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, அதன் எல்லையைக் குறுக்கச் சொல்கிறேன். ஆற்றல்மீட்பு என்பது பொதுப்பெயர். அதற்குள் இரண்டு வழி. குளுக்கோஸிலிருந்து எடுத்த எலக்ட்ரான்கள், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றும் மூலக்கூறுகளின் சங்கிலி வழியாகப் போய், வெளியிலிருந்து வந்த ஒரு பொருளிடம் சேர்ந்தால் அது உயிரணுச் சுவாசம். அந்தப் பொருள் பெரும்பாலும் உயிர்வளி, ஆனால் உயிர்வளியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இங்கே பினாங்கில் பத்து காவான் பக்கம் அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும் அல்லவா, அங்கே சல்ஃபேட்டை வைத்துச் சுவாசிக்கிற பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அதுதான் உண்மையான ‘உயிர்வளியற்ற சுவாசம்’, அப்படிச் சொன்னால் முரணாகவும் தோன்றாது. சங்கிலியே இல்லாமல், குளுக்கோஸை உடைத்து வந்த பொருளிடமே எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் அது நொதித்தல், குளுக்கோஸுக்கு இரண்டே ஏ.டி.பி. பெங்காலி ரொட்டி மாவு உப்புவது, ‘தப்பாய்’ என்ற மலாய்ப் பலகாரத்துக்குச் சோறு புளிப்பது, வீட்டில் இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்குவது எல்லாம் இந்த வழிதான். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் வேகமாக ஏறும்போது நம் தசையும் ஓரளவு இதைச் செய்து லாக்டேட் ஆக்குகிறது. (மறுநாள் கால் வலிக்கு அதைக் குற்றம் சொல்லாதீர்கள், அது சீக்கிரமே இரத்தத்திலிருந்து நீங்கிவிடும்.) சிவப்பணுவும் இந்த வரிசையில்தான், எந்தச் சண்டையும் இல்லாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

உட்சொற்கள் பற்றிச் சுருக்கமாக. முதல் கட்டமான கிளைக்காலிசிஸுக்குக் ‘குளுக்கோஸ் பிளப்பு’ போதும். ஆறு கரியணு உள்ள ஒன்று, மூன்று மூன்றாக இரண்டு பைருவேட் ஆகிறது. ‘சிதைவு’ வேண்டாம், கதிரியக்கச் சிதைவு ஏற்கெனவே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் அதற்குப் பின் நடக்கும் கிரெப்ஸ் சுழற்சியின் பெயர் அப்படியே இருக்கட்டும், 1937-இல் அதைக் கண்டுபிடித்து 1953-இல் நோபல் வாங்கிய ஹான்ஸ் கிரெப்ஸின் பெயர் அது. எலக்ட்ரானை ‘மின்னணு’ ஆக்கவேண்டாம், நம் பிள்ளைகளுக்கு மின்னணு என்றால் கைப்பேசி, கணினி.

எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று கெமியாஸ்மோசிஸ். பீட்டர் மிட்செல் 1961-இல் சொன்ன கருத்து, 1978-இல் நோபல். எலக்ட்ரான்கள் சங்கிலியில் நகர நகர, புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அயனிகள்தான்) மைட்டோகாண்ட்ரியா உட்சவ்வின் ஒரு பக்கத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே குவிகின்றன, அவை திரும்பி வரும் வழியில் ஒரு நொதியைச் சுழற்றுகின்றன, அந்தச் சுழற்சியில்தான் ஏ.டி.பி. உருவாகிறது. ‘வேதிச் சவ்வூடுபரவல்’ என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் சவ்வூடுபரவல் என்றதும் நீர் நகர்வதுதான் மனத்தில் வரும், இங்கே நகர்வது புரோட்டான். ‘புரோட்டான் திரும்போட்டம்’ என்று ஒன்று யோசித்தேன், வாயில் சரியாக உட்காரவில்லை. உயிர்வேதியியல் படித்தவர்கள் இதற்கு ஒரு சொல் சொல்லுங்கள். அது கிடைத்தால் மொத்தப் பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து