டிஸ்க் நிறைந்துவிட்டது, ஆனால் பெரிய ஃபைல் எதையும் காணோம்

கேள்வி: 40 ஜிபி விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்). டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை 100% என்கிறது, ஃபைல்களின் அளவைக் காட்டும் டியு போட்டுக் கூட்டினால் 22 ஜிபிதான் வருகிறது. நேற்று இரவு வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் 17 ஜிபி லாகை (பதிவு ஃபைலை) ஆர்எம் கட்டளை போட்டு அழித்தும் இடம் திரும்பவில்லை. தளம் படுத்துவிட்டது, உதவுங்கள்.

பதில்: பெயரைத்தான் அழித்திருக்கிறீர்கள். என்ஜின்எக்ஸ் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது, அது பிடியை விடும்வரை கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இடத்தைத் திருப்பித் தராது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ போட்டால், அழித்தும் இன்னும் திறந்திருக்கும் ஃபைல்கள் கண்ணெதிரே தெரியும். அப்புறம் ‘என்ஜின்எக்ஸ் -எஸ் ரீஓப்பன்’ கொடுங்கள், பழைய ஃபைலை விட்டுவிட்டு லாகைப் புதிதாகத் திறக்கும், சர்வீஸை நிறுத்தவே வேண்டாம்.

கேட்டவர்: கொடுத்த உடனே 17 ஜிபி திரும்பிவிட்டது! ரொம்ப நன்றி.

இன்னொரு பதில்: சரி, இனி லாகைக் கையால் அழிக்காதீர்கள். அவசரமென்றால், ஃபைலை அழிக்காமல் காலியாக்கும் ‘ட்ரங்கேட் -எஸ் 0’ போதும். லாகைத் தானாக மாற்றிவைக்கும் லாக்ரொட்டேட்டில் டெய்லி (தினமும்), ரொட்டேட் 7 (பழையவை ஏழு மட்டும்), கம்ப்ரஸ் (சுருக்கி) வையுங்கள், மாற்றியபின் ஓடும் போஸ்ட்ரொட்டேட்டில் அதே ரீஓப்பன் வரியைச் சேர்க்க மறக்காதீர்கள்.