ஸ்பேனர்ல ஆர்எஃப்ஐடி டேக் நிக்க மாட்டேங்குதா? வடசென்னை ஒர்க்‌ஷாப் அனுபவங்கள்

திருவொற்றியூர் டூல்ரூம்:
எங்க ஸ்டோர்ல ரொம்ப காலமா பித்தளை வில்லைதான். டூல் எடுக்குற ஆள் தன் நம்பர் போட்ட வில்லையை ஆணியில மாட்டிட்டுப் போவான். இப்போ ஆர்எஃப்ஐடி, அதாவது டூல்ல ஒட்டுன சின்ன சிப்பு டேக்கை ரீடர் ரேடியோ அலையில படிச்சு எந்த டூல்னு சொல்லிடும். ரீடரும் சாஃப்ட்வேரும் போட்டுக் கொடுத்த கம்பெனி, டேக் ஒட்டுறதை மட்டும் "அது உங்க வேலை சார்"னு விட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. கஷ்டமே அதுலதான்.

ஃபாஸ்டேக் மாதிரி ஸ்டிக்கரை வாங்கி இரும்புல ஒட்டாதீங்க. மாதவரம் பக்கம் டோல்கேட்ல கார் கண்ணாடியிலிருந்து பளிச்சுனு படிக்குற அதே வகை டேக், உலோகத்துல ஒட்டினா ஆன்டெனா ட்யூனிங் கெட்டு வாயே திறக்காது. உலோகத்துக்குன்னே வர்ற ஆன்-மெட்டல் டேக் வேணும். செராமிக்ல நகம் அளவுக்குக் கிடைக்குது. டேக் எந்த ரேடியோ அலைவரிசை பேண்டுக்குன்னும் பாருங்க. நம்ம ஊர்ல 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, அமெரிக்காவுல 902–928. சின்ன செராமிக் டேக் குறுகலான பேண்டுலதான் ஒழுங்கா வேலை செய்யும். அமெரிக்க மாடல் வாங்கிட்டா ரீடர் மேலயே கொண்டுபோய் வெச்சாத்தான் படிக்கும். ஐரோப்பிய பேண்டும் நம்மளோடதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால ஐரோப்பிய பேண்டுன்னு கேட்டு வாங்குங்க.

அடுத்தது இடம். எல்லாரும் எந்தப் பசைன்னுதான் கேக்குறாங்க, எங்க ஒட்டணும்னு யாரும் கேக்குறதில்ல. பழைய ரிங் ஸ்பேனர் ஒண்ணை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. கைபட்டுக் கைபட்டு ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு இருக்கும். அங்க ஒட்டினா உள்ளங்கையில உறுத்தும். ஃபிட்டரே ஸ்க்ரூடிரைவரால நெம்பி எடுத்துப் போட்டுடுவார், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. தண்டு நடுவுல சைஸ் பொறிச்ச பள்ளம் இருக்குற மாடல்னா அந்தப் பள்ளம்தான் சரியான இடம். டேக் மட்டத்துக்குக் கீழ உக்காரும், தரையில இழுத்தாலும் சிராய்க்காது.

பசைக்கு, ரெண்டு டியூபைக் கலந்து போடுற அரால்டைட். அஞ்சு நிமிஷத்துல இறுகுறது வேண்டாம், மெதுவா இறுகுறதுதான் பலம். கண்ணாடி மாதிரி இருக்குற குரோம் மேல எந்தப் பசையும் பிடிக்காது, எமரி போட்டு மங்கலாக்கணும். அப்புறம் அசிட்டோன்ல துடைக்கணும். மண்ணெண்ணெய் கூடாது, எண்ணெய்ப் படலம் விட்டுடும். துடைச்ச இடத்துல விரல் படக் கூடாது. டேக் ஓரத்தைச் சுத்திப் பசையைச் சரிவா வழிச்சு விட்டா நகம் நுழைய இடமிருக்காது. ஒரு நாள் முழுக்கத் தொடாம விடுங்க. ஐப்பசி, கார்த்திகையில இரும்பே வேர்க்கும்; குண்டு பல்பு அடியில கொஞ்ச நேரம் காய வெச்சுட்டு ஆரம்பிங்க.

எண்ணூர் ஷட்டவுன் ஃபிட்டர்:
அண்ணே, நீ சொன்னது ரிங் ஸ்பேனருக்கு சரி. ஸ்லாக்கிங் ஸ்பேனருக்கு இன்னா பண்ணுவ? சம்மட்டியால அடிக்கிறோம்ணே, பசை கீறி டேக் பறந்துடுது. நாங்க ஒட்டுறதையே வுட்டுட்டோம். முனையில ஓட்டை இருக்குற மாடலா பாத்து, மெல்லிசு ஸ்டீல் கயிறுல டேக்கைக் கோத்து முடிச்சுட்டோம். சுத்தியல்ல தலைப்பக்கம் போவாதீங்க. மரப்பிடின்னா அடிமுனையில குழி தோண்டி டேக்கை வெச்சு அரால்டைட்ல மூடிடலாம். மரம்ன்றதால அதுக்கு ஆன்-மெட்டல் டேக்கும் தேவைப்படல. ஸ்க்ரூடிரைவர் தண்டுக்கு, உள்ள பசை தடவி வர்ற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதான் சூடு காட்டுனா சுருங்கிப் புடிக்குற உறை, நல்லா நிக்குது. சும்மா ஸ்லீவ் வாங்குனா டீசல்ல முக்கிக் கழுவும்போதே வழுக்கினு வந்துடும். ஹாட் ஏர் கன்னை டேக் மேலயே புடிச்சுனு நிக்காதீங்க, உள்ள சிப்பு காலி.

மணலி சேஃப்டி:
மேல சொன்ன எல்லாத்தையும் எல்லா டூலுக்கும் செய்யக் கூடாது, ப்ளீஸ். கேஸ் ஏரியாவுல பயன்படுத்துற நான்-ஸ்பார்க்கிங் (தீப்பொறி தெறிக்காத) ஸ்பேனர் தாமிரக் கலவை. அதுல ஸ்டீல் ரிவெட், ஸ்டீல் கயிறு மாட்டினா அந்த டூலை வாங்கினதுக்கு அர்த்தமே இல்ல. 1000 வோல்ட் முத்திரை போட்ட எலக்ட்ரீஷியன் கட்டிங் பிளேயர்ல ஓட்டை போடாதீங்க, ஸ்லீவும் ஏத்தாதீங்க. கீழ இன்சுலேஷன் வெடிச்சிருந்தா கண்ணுக்கே தெரியாது. டேக் பதிச்சே கம்பெனியிலிருந்து வர்றதை வாங்குறதுதான் என் கருத்து, விலை கூடன்னாலும். ஸ்பேனர்ல ட்ரில் போட்டு டேக் புதைக்கிற வீடியோ ஒண்ணு சுத்துது. லோடு ஏறும்போது அந்த ஓட்டையிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

காசிமேடு போட் மெக்கானிக்:
நாலு பேர் இருக்குற பட்டறை எங்களது. இதெல்லாம் எங்களுக்குத் தேவையாண்ணா? அப்புறம் சாக்கெட்ல எங்க ஒட்டுறது, 10 மில்லி சாக்கெட்ல இடமே இல்லையே?

திருவொற்றியூர் டூல்ரூம்:
தம்பி, நாலு பேருக்கு ஆளுக்கொரு கலர் பெயிண்ட் கோடு போதும், காசைக் கரியாக்காத. சாக்கெட்டுக்கு நாங்களும் டேக் போடல. ஃபோம்ல சைஸ் வாரியா குழி வெட்டின தட்டு, தட்டுக்கு ஒரு டேக். எது குறையுதுன்னு காலிக் குழியே காட்டிடும். தட்டை இரும்புப் பெட்டியில போட்டு மூடிட்டு ரீடர் முன்னால நீட்டாத, ஒண்ணும் படிக்காது. வெளிய எடுத்து மேஜையில வெச்சுத்தான் காட்டணும்.