பதில்: ‘கிரிப்டிட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

எழுதியவர்: தண்டையார்பேட்டை வாசகி

வணக்கம். எங்கள் தெருப் பிள்ளைகள் நடத்தும் சுவரிதழின் அடுத்த இதழில், பார்த்ததாகப் பலரும் சொல்லி, யாரும் பிடித்துக் காட்டாத உயிரினங்களைப் பற்றி எழுதுகிறார்கள். இமயமலைப் பனிமனிதன், ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிப் பிராணி, அமெரிக்காவின் பிக்ஃபுட் என்று தனித்தனிப் பெயர் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஆங்கிலத்தில் கிரிப்டிட் என்கிறார்கள். ஒரு பையன் ‘மர்ம விலங்கு’ என்று எழுதிவிட்டான். மர்ம நபர், மர்மக் காய்ச்சல் என்று நாளிதழ்கள் அடித்துத் துவைத்த சொல் அது, எனக்குப் பிடிக்கவில்லை. வேறு என்ன வைக்கலாம்?

எழுதியவர்: ராயபுரம் தமிழாசிரியர் (ஓய்வு)

அம்மா, ‘கரந்துறை விலங்கு’ என்று வைக்கலாம். கரத்தல் என்றால் மறைதல். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்து வைத்தால் அது கரந்துறைப் பாட்டு. பஞ்சாங்கம் கணிப்பவர்களிடம் கரந்துறைக் கோள்களும் உண்டு. கிரிப்டிட் என்பதன் கிரேக்க வேருக்கும் மறைந்தது என்பதே பொருள். ‘மறைவிலங்கு’ வேண்டாம். மறை என்றதும் வேதம் நினைவுக்கு வரும், மறையீட்டியல் என்பதைச் செய்தியை மறைத்து எழுதும் கிரிப்டோகிராபிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இவற்றைத் தேடும் துறைக்கு (ஆங்கிலத்தில் கிரிப்டோசுவாலஜி) கரந்துறை விலங்கியல். நன்றாக அமர்கிறது.

எழுதியவர்: காசிமேட்டுக்காரன்

ஐயா, சொல் அழகுதான். ஆனால் ‘கரந்து உறையும்’ என்று சொன்ன உடனே, அது எங்கோ உறைகிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இருக்கிறதா இல்லையா என்பதுதானே வழக்கே! தீர்ப்பைப் பெயரிலேயே எழுதிவிடலாமா?

ஆங்கிலச் சொல்லிலும் இதே கோளாறுதான். 1983-இல் ஜான் வால் என்பவர் இத்துறைக்கான பன்னாட்டுச் சங்கத்தின் செய்திமடலுக்கு எழுதிய கடிதத்தில் கிரிப்டிட் என்ற சொல்லை முன்வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய அந்தச் சங்கம் ஒகாபியைச் சின்னமாக வைத்துக்கொண்டது. ஒகாபி ஒட்டகச்சிவிங்கிக்கு உறவு, பின்னங்கால்களில் வரிக்குதிரை போலக் கோடுகள் இருக்கும். 1901-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. இன்று ஒகாபி, நாளைக்குப் பனிமனிதன் என்று சங்கத்தார் கனவு கண்டிருப்பார்கள். ஆனால் காங்கோக் காட்டு மக்களிடமிருந்து ஒகாபி எங்கே கரந்து உறைந்தது? அவர்கள் அதை வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள்.

சீலகாந்த் மீன் கதையும் அப்படித்தான். டைனோசர்களோடு அழிந்துவிட்டது என்று நினைத்த மீன் 1938-இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு இழுவைப் படகின் வலையில் வந்தது. படகில் குவித்த மீன்களுக்கு நடுவில் அதைப் பார்த்து ஒதுக்கி வைத்தவர் ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தின் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர். இரண்டாவது மீன் கொமோரோ தீவுகளில் 1952-இல் கிடைத்தது. அந்தத் தீவு மீனவர்களுக்கு அது புதிதே இல்லை, ‘கொம்பெஸ்ஸா’ என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். 1997-இல் இந்தோனேசியாவின் மனாடோ சந்தையில் ஒரு வண்டியில் போன சீலகாந்த், பின்னர் வேறோர் இனம் என்று தெரிந்தது. அங்கே அதன் பெயர் ‘ராஜா லாவுட்’, கடலரசன். ஆகவே ‘அறியப்படாத விலங்கு’ என்று யாராவது கிளம்பினால் நான் முதலில் கேட்பது, யார் அறியாதது? இங்கே மீன் ஏலம் முடிந்து கோழித் தீவனத்துக்குப் போகும் குவியலை எந்த விஞ்ஞானி தினமும் கிளறிப் பார்க்கிறார்?

அப்படியானால் இவற்றுக்கெல்லாம் பொதுவானது என்ன? உடல் இல்லை, எலும்பு இல்லை, ஆய்வுக்கூடத்தில் வைக்க ஒரு மாதிரி இல்லை. யாரோ பார்த்தார், இன்னொருவரிடம் சொன்னார், நாம் கேள்விப்பட்டோம். அவ்வளவுதான். அதனால் என் பரிந்துரை ‘கேள்வி உயிரி’. திருக்குறளில் கேள்வி என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அங்கே கேட்டறிதல்தான் பொருள். விலங்கு என்று வைத்தால் மீனையும் கணவாயையும் சேர்க்கத் தயங்குவார்கள், உயிரி என்றால் தொல்லை இல்லை.

இந்தச் சொல்லை வைத்துப் பார்த்தால் கணக்கும் தெளிவாகிறது. 1976-இல் ஹவாய் பக்கம் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் மிதவை நங்கூரத்தில் நாலரை மீட்டர் நீளச் சுறா ஒன்று சிக்கியது. அகன்ற வாய், தடித்த உதடு. மெகாமவுத் என்று பெயர் வைத்தார்கள். அறிவியலுக்கு அது முழுக்கப் புதிது. ஆனால் அப்படி ஒரு சுறா இருப்பதாக அதற்கு முன் பேச்சு எதுவும் பரவவில்லை, ஆகவே அது கேள்வி உயிரி அல்ல. ராட்சதக் கணவாய் அப்படியில்லை (எங்கள் பக்கத்தில் கடம்பா என்போம்). கப்பலைக் கவிழ்க்கும் கிராக்கன் என்று வடகடல் மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகக் கதை சொன்னார்கள். 1857-இல் டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப், கரை ஒதுங்கிய உடலின் அலகை வைத்து அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஆழ்கடலில் உயிரோடு படம் எடுத்தது 2004-இல்தான், ஜப்பானியர்கள் எடுத்தார்கள். கேள்வி உயிரியாக இருந்தது வெறும் உயிரி ஆகிவிட்டது. கப்பலைக் கவிழ்க்கவில்லை, அது வேறு.

அகத்தியமலைப் பக்கம் காணிக்காரப் பழங்குடியினர் சொல்லும் கல்லானை, அதாவது குட்டையான தனி யானை வகை, இன்னும் கேள்வி உயிரிதான். அறிவியல் அதை ஏற்கவில்லை. காட்டோடு வாழ்கிறவர்கள் சொல்வது என்பதால் நான் சிரிக்கவும் மாட்டேன்.

எழுதியவர்: திருவொற்றியூர் மாணவி

அண்ணா, கேள்வி என்றால் பிள்ளைகள் கேள்வித்தாள் என்றுதான் நினைப்பார்கள். ‘செவிவழி உயிரி’ என்றால் என்ன? செவிவழிச் செய்தி எல்லோருக்கும் தெரியுமே.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது சரியா? லாக் நெஸ் கதையில் இன்னும் கேட்க என்ன இருக்கிறது? பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வரை அந்த இடம் பனிப்பாறைக்கு அடியில் இருந்தது. புகழ்பெற்ற 1934 படம் பொம்மை நீர்மூழ்கியில் தலையும் கழுத்தும் ஒட்டி எடுத்தது என்று 1994-இல் வெளியே வந்துவிட்டது. 2018-இல் ஏரி நீரில் கலந்திருந்த டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தார்கள். ஊர்வன எதுவும் இல்லை, விலாங்கு மீனின் டி.என்.ஏ. ஏராளம். பனிமனிதனுடையவை என்று வைத்திருந்த முடி, எலும்பு, தோல் என ஒன்பது மாதிரிகளை 2017-இல் ஆராய்ந்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய்!

எழுதியவர்: காசிமேட்டுக்காரன்

தங்கச்சி, ‘செவிவழி உயிரி’ என்றால் காதுக்குள் போகும் பூச்சி மாதிரி இருக்கிறது. கேள்வியில் வினா என்ற பொருளும் சேர்ந்து ஒலிப்பது நமக்கு லாபம்தான். கேள்விப்பட்டதும் அதுவே, கேள்விக்குரியதும் அதுவே.

லாக் நெஸ்ஸில் நீங்கள் சொல்வதுதான் என் கட்சியும். ஒற்றைப் பிராணி ஆயிரம் வருடம் வாழாது. குட்டி போட, இரை தேட ஒரு கூட்டம் வேண்டும். ஒரு ஏரியில் அத்தனையும் கண்ணில் படாமல் இருக்க முடியாது. நிலத்தில் பெரிய விலங்குக்கு வாய்ப்புக் குறைவு என்பேன். அதற்காகக் கதவைச் சாத்தவும் முடியாது, வியட்நாம் காட்டில் சாவோலா என்ற கொம்பு விலங்கு 1992-இல்தான் தெரியவந்தது. ஆழ்கடல் என்றால் நிறையவே வாய்ப்பு உண்டு.

ஆனால் கடலிலும் கண்ணை நம்பக் கூடாது. 1977-இல் நியூசிலாந்துக்கு அருகே ஜப்பானிய இழுவைப் படகு ஒன்றில் நீளக் கழுத்தோடு அழுகிய உடல் ஏறியது. பிடித்த மீன் கெட்டுவிடும் என்று படமும் கொஞ்சம் துடுப்பு நாரும் எடுத்துக்கொண்டு கடலில் தள்ளிவிட்டார்கள். பழங்கால ஊர்வன என்று ஜப்பானே பரபரத்தது. சோதனையோ பாஸ்கிங் சுறாவைக் காட்டியது. அந்தச் சுறா அழுகும்போது தாடையும் செவுளும் முதலில் கழன்றுவிடும். மிச்சம் இருப்பது சின்னத் தலையும் நீளக் கழுத்தும் போலத் தெரியும்.

எழுதியவர்: ராயபுரம் தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி, ஒப்புக்கொள்கிறேன். தருக்கம் எழுதிய அளவை நூலார் அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று, அதாவது நேரில் காண்பது, ஊகிப்பது, பிறர் சொல்லக் கேட்பது என்று பிரிப்பார்கள். இவை உரையளவில் நின்று காண்டலுக்குக் காத்திருப்பவை. கேள்வி பொருந்துகிறது. துறைக்குக் ‘கேள்வி உயிரியியல்’ என்று வைக்கலாமா? நாக்குக் கொஞ்சம் இடறும்.

எழுதியவர்: காசிமேட்டுக்காரன்

இடறட்டும் ஐயா, அதை வைக்கவே வேண்டாம். ‘இயல்’ சேர்த்தால் நிலைபெற்ற அறிவியல் என்று ஆகிவிடும். சோதிடவியல் இருக்கிறதே என்பீர்கள், அந்தப் பட்டியலை நாம் ஏன் நீட்ட வேண்டும்? ‘கேள்வி உயிரித் தேடல்’ போதும். அவர்கள் செய்வதும் தேடல்தான்.

எழுதியவர்: தண்டையார்பேட்டை வாசகி

சரி, ‘கேள்வி உயிரி’ என்றே தலைப்பு எழுதிவிட்டோம். மர்ம விலங்குக்காரனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இப்போது அவன் கிராக்கன் படம் வரைகிறான். கடம்பாவுக்கு எத்தனை கை?

எழுதியவர்: காசிமேட்டுக்காரன்

எட்டுக் கை, அதோடு நீளமான பற்றுக்கை இரண்டு. அந்த இரண்டையும் மற்ற கைகளைவிட நன்றாக நீட்டி வரையச் சொல்லுங்கள்.