பிபிசியில் தலைகள் உருண்டன, சரி. அரசியல்வாதிகள் எப்போது?

ஹாரோவாசி:
பிபிசி தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவுத் தலைவர் டெபோரா டர்னஸும் 2025 நவம்பர் 9 அன்று ஒரே நாளில் பதவி விலகினார்கள். டிரம்பின் 2021 ஜனவரி 6 பேச்சை பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி வெட்டி ஒட்டியதுதான் பெரிய காரணம். கேபிட்டலுக்கு (அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம்) நடப்போம், நானும் வருவேன் என்று ஓரிடத்தில் சொன்னார். மூர்க்கமாகப் போராடுவோம் என்று சொன்னது 50 நிமிடத்துக்கும் மேல் கழித்து. திரையில் இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. 2025-இல் 174.50 பவுண்டு டிவி உரிமக் கட்டணம் கட்டியவனாகச் சொல்கிறேன், அவர்கள் போனது சரி. எந்த அமைச்சர் இப்படிப் போகிறார்?

மலைக்கோட்டை:
அண்ணே, துணைப் பிரதமர் ஏஞ்சலா ரெய்னர் அதே வருடம் செப்டம்பரில்தானே போனார், வீடு வாங்கியதில் முத்திரை வரி குறைவாகக் கட்டியதற்காக! அது கிடக்கட்டும். பனோரமா ஒளிபரப்பானது 2024 அக்டோபரில். ஒரு வருடம் சத்தமே இல்லை. பிபிசிக்கு ஆலோசகராக இருந்த மைக்கேல் பிரெஸ்காட்டின் குறிப்பு டெலிகிராப் பத்திரிகைக்குக் கசிந்த பிறகுதான் பற்றிக்கொண்டது. அப்போது பிபிசி நிர்வாகக் குழுவில் யார் இருந்தார்? முன்னாள் பிரதமர் தெரசா மேயின் தகவல் தொடர்பு இயக்குநராக இருந்த ராபி கிப். போரிஸ் ஜான்சன் பிரதமராக இருந்த காலத்து நியமனம். இதைப் பொறுப்பேற்பு என்கிறீர்களா? எனக்கு உள்குத்து வாடைதான் அடிக்கிறது.

ஹாரோவாசி:
சத்தமே இல்லை என்பது தப்பு தம்பி. உள்ளே 2025 ஜனவரியிலேயே பேசியிருக்கிறார்கள். பேசிவிட்டு, நேயர்களுக்கு ஒரு வரித் திருத்தம்கூடப் போடவில்லை. வெட்டியதைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது. கசியவிட்டவர் உள்நோக்கம் எதுவானாலும் வெட்டு வெட்டுதான்.

பழையபேப்பர்:
நடுவில் நுழைகிறேன். 2003 மே 29, காலை 6:07. பிபிசி வானொலிச் செய்தியாளர் ஆண்ட்ரூ கில்லிகன் தன் வீட்டிலிருந்தே நேரலையில், கையில் எழுதி வைத்த உரைகூட இல்லாமல் பேசினார். ஈராக் 45 நிமிடத்தில் பேரழிவு ஆயுதங்களைத் தயார்படுத்தும் என்று பிளேர் அரசு சொன்ன தகவல் தவறு என்று அரசுக்கே அநேகமாகத் தெரிந்திருக்கும் என்றார். ஜூலையில் அவருடைய தகவலாளர், ஆயுத நிபுணர் டேவிட் கெல்லி இறந்தார். 2004 ஜனவரியில் அந்த மரணத்தை விசாரித்த ஹட்டன் அறிக்கை பிபிசியைச் சாடியது. தலைவர் கேவின் டேவிஸ், தலைமை இயக்குநர் கிரெக் டைக், கில்லிகன், மூவரும் அடுத்தடுத்து வெளியே. டைக்குக்காக ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள், சொந்தக் காசில் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். பிளேர்? 2005 தேர்தலில் மறுபடி ஜெயித்தார். உளவுத் தகவலை அது தாங்காத அளவு உறுதியோடு மக்கள் முன் வைத்தார்கள் என்று ஈராக் போரை விசாரித்த சில்காட் அறிக்கை சொன்னபோது வருடம் 2016. ஈராக்கில் இறந்த பிரிட்டன் படையினர் 179 பேர்.

மலைக்கோட்டை:
இதைத்தான் சொல்ல வந்தேன். அரைகுறையாகப் பேசியவன் வேலை 8 மாதத்தில் போனது. போருக்கு அனுப்பியவரைப் பற்றி எழுத 13 வருடம்.

ஹாரோவாசி:
பிளேர் தப்பித்தார் என்பதற்காக டேவியும் தப்பிக்க வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரன் வாடகை கொடுக்கவில்லை என்று நானும் நிறுத்த முடியாது. 2004-இல் பிபிசியின் செயல்முறையிலும் ஓட்டை இருந்தது. அந்த 6:07 பேச்சை முன்கூட்டி யார் பார்த்தார்கள்?

பழையபேப்பர்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரிச்சர்ட் ஷார்ப் கதையைப் பாருங்கள். ஜான்சனுக்கு 8 லட்சம் பவுண்டு வரை கடன் உத்தரவாதம் கிடைக்க வழி செய்யும் அறிமுகத்துக்கு உதவினார், அதைச் சொல்லாமல் விட்டார், பிபிசி தலைவரானார். 2023 ஏப்ரலில் விலகினார். அவரை அமர்த்திய முறை அப்படியேதான் இருக்கிறது.

(என் பங்குக்கு ஒரு புலம்பல்: 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசை வானொலியை 2017-இல் நிறுத்தினார்களே, அதற்கு யார் ராஜினாமா செய்தார்கள்?)

ஹாரோவாசி:
தமிழோசைக்கு நானும் உங்கள் கட்சி, ஐயா. மற்றபடி, பிபிசி இயங்குவதற்கான அரச சாசனம் 2027 டிசம்பர் 31-இல் முடிகிறது. புதியதில் தலைவரை அரசு நியமிக்கக் கூடாது என்று எழுதட்டும், பேசலாம். அதுவரை டேவி போனது சரி.

மலைக்கோட்டை:
அதை எழுதப்போவதும் அதே அரசுதான், அண்ணே.