வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாமல் போனவர்கள் இருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள்?

ஊரப்பாக்கம்
2020 டிசம்பரில் வாங்கிய பிளாட், 20 வருடக் கடன், ஏறி இறங்கும் மிதவை வட்டி. 2022 மே மாதம் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) ஒரு வருடத்துக்குள் 6.5 ஆனபோதும் என் இஎம்ஐ அப்படியேதான் இருந்தது. நிம்மதியாக இருந்துவிட்டேன். போன மாதம் வேலை போனது. தவணையைக் குறைத்து வருடத்தை நீட்டித் தரக் கேட்கலாம் என்று கிளைக்குப் போனேன். மேடம் ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். நான்கு வருடம் கட்டியபிறகும் பாக்கி 26 வருடம். ஏறிய வட்டியை எல்லாம் காலத்தில் ஏற்றியிருக்கிறார்கள், இனி நீட்ட இடமில்லை என்றார். எனக்கு 41 வயது. கடைசித் தவணை கட்டும்போது 67. அந்த எண் கண்ணை விட்டுப் போகவில்லை. கணக்கில் பணமில்லாமல் இரண்டு தவணை ரிட்டர்ன் ஆகிவிட்டது.

லேத் பட்டறை, கோவை
கணபதியில் எங்கள் வீடு. பட்டறையில் ஆர்டர் நின்று நாலு மாதம் தவணை விட்டது. அப்புறம் ஒருநாள் திடீரென்று வந்து வீட்டை வங்கி எடுத்துக்கொள்கிறது என்று சொல்லும் சுவாதீன நோட்டீஸை கேட் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் விடியற்காலை கோலம் போடப் போன அம்மா உள்ளே வரவே இல்லை. போய்ப் பார்த்தால் பக்கெட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு அந்தத் தாளை ஊறவைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். தெரு விழிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று. பசை போகவில்லை. அந்த வாரமே தமிழ்ப் பேப்பரிலும் வந்துவிட்டது. 45 நாளுக்குள் டிஆர்டியில் (கடன் மீட்புத் தீர்ப்பாயம்) மனுப் போட்டு, வீட்டுக்காரியின் ஊர் நிலத்தை விற்றுக் கட்டி மீட்டேன். சுவரில் அந்தச் சதுரத் தடம் இன்னும் இருக்கிறது. பெயின்ட் அடிக்க மனசு வரவில்லை.

கடன் பிரிவில் 31 வருடம்
கோவைத் தம்பி, அம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் "திடீரென்று" என்பதை நான் ஏற்க மாட்டேன். 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன். அதன்பின், அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்பாசி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். அது முடிந்த பிறகுதான் சுவரில் ஒட்ட முடியும். அந்த 60 நாளில் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருந்தால் 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். பதிவுத் தபாலைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பிரிக்காத கவர்கள் ஏழையும் பையில் போட்டுக்கொண்டு, ஏலத்துக்கு முதல் நாள் என் மேஜைக்கு வந்தார்.

ஊரப்பாக்கம் தம்பி, உங்களுக்கு நாள் ஓடுகிறது. மூன்றாவது தவணை விழுவதற்குள் மறுசீரமைப்பு கேட்டு மனுக் கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது, நகலில் சீல் வாங்குங்கள். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, புதிதாக வருபவர்களுக்குத் தரும் வட்டிக்கு உங்களையும் மாற்றக் கேளுங்கள். தரவில்லையென்றால் வேலை கிடைத்த பிறகு வேறு வங்கிக்கு மாற்றலாம், மிதவை வட்டிக்கு முன்கூட்டி அடைப்புக் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டிலோ பர்சனல் லோனிலோ எடுத்துத் தவணை கட்டாதீர்கள். முடியவே முடியாது என்றால் நீங்களே விற்றுவிடுங்கள். வங்கியில் பாக்கிக் கடிதம் வாங்கினால், வாங்குபவரின் வங்கி நேராகக் கடனை அடைத்துவிடும். ஏலத்துக்குப் போனால் விலை அடிபடும். ஒரே தடவையாகக் குறைத்து முடிக்கும் ஓடிஎஸ் கடைசி வழி, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று நிற்கும்.

செல்லூர்
ஐயா, நீங்கள் சொல்லும் சட்டமெல்லாம் சரி. "விற்றுவிடுங்கள்" என்று மட்டும் அவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள். என் வீட்டுக்காரர் இறந்த அடுத்த மாதம் வசூல் ஆள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தான். நான் குளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் பத்து வயது மகளிடம், "அம்மா காசு எங்கே வைப்பாங்க?" என்று கேட்டிருக்கிறான். அவள் பீரோ என்று சொல்லிவிட்டு, என்னிடம் வந்து "தப்பாச் சொல்லிட்டேனாம்மா" என்று அழுதாள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்கு மேலும் அவர்கள் கூப்பிடவே கூடாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வங்கிக்கு எழுதினேன், 30 நாள் பதில் இல்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்பட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் புகார் போட்டேன். அதன்பின் ஆள் வரவில்லை.

வீட்டை விற்கவில்லை. வாடகைக்கு விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். வாடகை தவணையில் பாதிக்கு மேல் வருகிறது, மீதிக்குத் தையல். மகள் மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் வாசல் முருங்கையைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

ஊரப்பாக்கம்
செல்லூர் அக்கா, வாடகை யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. மனைவியிடம் சொன்னேன், சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு "சரி" என்றாள். ஐயா, மனு எழுதிவிட்டேன், இரண்டு நகல். வேலை போன கடிதமும் ஆறு மாத ஸ்டேட்மென்டும் வைத்திருக்கிறேன். மூன்றாவது தவணை வரும் 5-ஆம் தேதி. நாளைக் காலை கிளை திறக்கும்போது அங்கே இருப்பேன்.